ஆளுக்கொரு கொட்டடி: விக்டோரியா காலத்துச் சிறையை எப்படிப் பார்ப்பது?

இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில், 1068இல் வில்லியம் மன்னர் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் ஒரு பழைய ஜெயில் இருக்கிறது. 1848இல் திறந்தார்கள், 1878இல் மூடிவிட்டார்கள். ஓடியது முப்பது ஆண்டுதான். ஆனால் அதே காலத்தில் கட்டிய மற்ற ஜெயில்களில் கழற்றி எறிந்துவிட்ட ஒன்று இங்கே அப்படியே நிற்கிறது: கைதிகளுக்கான ஜெபக்கூடம்.

ஜெபக்கூடம் என்றால் நமக்கு நீளமான பெஞ்சுகள்தான் நினைவுக்கு வரும். இங்கே படிப்படியாக மேலேறும் வரிசைகளில் உயரமான மரத்தடுப்புகள் இருக்கின்றன. ஒரு தடுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே ஆளுக்குத்தான் இடம். உள்ளே போய் நின்றால் எதிரே மேடையில் இருக்கும் பாதிரியார் தெரிவார். இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், முன்னால் யார் என்று எதுவும் தெரியாது. பாதிரியாருக்கோ மேடையில் இருந்தபடியே அத்தனை முகங்களும் தெரியும். இப்படித் தடுத்துக் கட்டிய சிறை ஜெபக்கூடங்களில் முதலில் இருந்த நிலையிலேயே மிஞ்சியிருப்பது உலகத்தில் இது ஒன்றுதான் என்கிறது லிங்கன் கோட்டை நிர்வாகம்.

முதல் பார்வைக்கு யாரோ ஒரு கொடூரன் யோசித்துக் கட்டியது போல இருக்கும். ஆனால் இதைக் கட்டச் சொன்னவர்கள் கைதிகள் திருந்த வேண்டும் என்று மனதார விரும்பியவர்கள். நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையில், பொதுப் பணத்தைச் செலவழித்து, நுணுக்கமாக வரைபடம் போட்டுக் கட்டினார்கள். அது புரிந்தால்தான் விக்டோரியா காலத்துச் சிறை எதையும் சரியாகப் பார்க்க முடியும் என்பது என் எண்ணம். வெறும் இருட்டறை, சங்கிலி, பேய்க்கதை என்று பார்த்துவிட்டு வந்தால் முக்கியமானதைத் தவறவிட்டுவிடுவோம். அந்தக் கட்டடங்களின் சுவர், கதவு, ஜன்னல், முற்றம் எல்லாமே ஒரே ஒரு யோசனையைச் செயல்படுத்தச் செய்த கருவிகள். அந்த யோசனை இதுதான்: ஒரு கைதி இன்னொரு கைதியைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, யாரென்றே தெரியக் கூடாது. சிறை வரலாற்றில் இதைப் பிரித்து வைக்கும் முறை என்று சொல்லலாம்.

இந்த யோசனை ஏன் வந்தது?

அதற்கு முன்னால் இருந்த ஜெயில்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விசாரணைக்குக் காத்திருப்பவர், தூக்குக்குக் காத்திருப்பவர், நாடு கடத்தும் கப்பலுக்குக் காத்திருப்பவர், கடனைக் கட்ட முடியாமல் அடைபட்டவர் என்று பலதரப்பட்டவர்களும் ஒன்றாகவே கிடந்தார்கள். பல ஊர்களில் ஜெயிலருக்குச் சம்பளமே கிடையாது. கைதிகளிடம் வசூலிக்கும் கட்டணம்தான் அவருக்கு வருமானம். 1773இல் பெட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தின் ஷெரீஃப் ஆன ஜான் ஹோவர்ட், குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்த பிறகும் ஜெயிலருக்குக் கட்டணம் கொடுக்க வழியில்லாமல் உள்ளேயே கிடந்தவர்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய் ஜெயில்களைப் பார்த்து, 1777இல் தான் கண்டதை வெளியிட்டார். தூக்கில் செத்தவர்களைவிட ஜெயில் காய்ச்சலில் செத்தவர்கள் அதிகம் என்று அவர் எழுதினார். பேன் மூலம் பரவும் டைஃபஸ் காய்ச்சலைத்தான் அப்போது அப்படிச் சொன்னார்கள். கூட்டமாக அடைத்து வைத்ததால் வந்த வினை அது.

இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. ரொட்டி திருடியதற்காக உள்ளே போகும் சிறுவன், பழகிய திருடர்களோடு சில மாதம் இருந்துவிட்டு வெளியே வரும்போது பூட்டு உடைக்கக் கற்றுக்கொண்டு வருகிறான் என்றார்கள் சீர்திருத்தக்காரர்கள். உடம்புக்கு நோய் தொற்றுவது மாதிரி மனதுக்கும் தொற்றுகிறது, ஆகவே பிரித்து வை என்பதுதான் அவர்கள் கண்ட மருந்து. தனியாக இருந்தால் மனிதன் தன்னைத் தானே நினைத்துப் பார்ப்பான், பைபிள் படிப்பான், மனசாட்சி விழிக்கும், அழுது திருந்துவான் என்று நம்பினார்கள்.

இதை முதலில் பெரிய அளவில் கட்டிப் பார்த்தது அமெரிக்கா. ஃபிலடெல்ஃபியா நகரத்தில் குவேக்கர் கிறிஸ்தவர்களின் செல்வாக்கோடு ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை 1829இல் திறந்தது. கட்டியவர் ஜான் ஹாவிலண்ட். நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் இதற்குப் போட்டியான முறை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது: பகலில் எல்லோரும் ஒன்றாக வேலை செய்யலாம், ஆனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இரவில் தனித்தனி அறை. வில்லியம் கிராஃபோர்டு என்பவரை பிரிட்டிஷ் அரசு அனுப்பி இரண்டையும் பார்த்துவரச் சொன்னது. 1834இல் வந்த அவருடைய அறிக்கை ஃபிலடெல்ஃபியாவின் பக்கம் சாய்ந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துச் சிறைகளுக்கு ஆய்வாளர்களை நியமிக்கச் சட்டம் வந்தபோது கிராஃபோர்டே ஓர் ஆய்வாளர் ஆனார். 1842இல் வடக்கு லண்டனில் பென்டன்வில் சிறை திறந்தது. ஜோஷுவா ஜெப் என்ற ராணுவப் பொறியாளர் வடிவமைத்தது. 520 கொட்டடிகள். அடுத்த ஆறே ஆண்டுகளில் பிரிட்டனில் 50க்கும் மேற்பட்ட சிறைகளை அதை மாதிரியாக வைத்துக் கட்டினார்கள், அல்லது மாற்றி அமைத்தார்கள். லிங்கன் அந்த அலையில் வந்தது. பென்டன்வில் இன்றும் கைதிகள் இருக்கும் சிறைதான், உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க முடியாது. அதனால்தான் லிங்கன் மாதிரி சீக்கிரம் மூடப்பட்ட சிறிய ஜெயில்கள் நமக்குப் பெரிய விஷயமாகின்றன.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். ஜெரமி பெந்தாம் என்ற சிந்தனையாளர் 1791இல் வட்டமான ஒரு சிறைத் திட்டத்தை வெளியிட்டார். நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள், நடுவில் இருப்பவருக்கு எல்லா அறைக்குள்ளும் எப்போதும் தெரியும். விக்டோரியா சிறைகள் எல்லாம் அந்தத் திட்டப்படி கட்டியவை என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. பென்டன்வில்லின் நடுக்கூடத்தில் நின்றால் விரித்த கைவிரல்கள் போலப் பிரியும் நீண்ட தாழ்வாரங்கள் தெரியும், அவற்றில் நடமாடும் வார்டர்கள் தெரிவார்கள், வரிசையாக மூடிய கதவுகள் தெரியும். எந்தக் கொட்டடியின் உட்புறமும் தெரியாது. பெந்தாம் நம்பியது கண்காணிப்பை. இவர்கள் நம்பியது தனிமையை. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றலாம், உள்ளே அடைபட்ட மனிதனுக்கு இரண்டும் வேறு வேறு அனுபவம்.

கொட்டடியில் இருந்து தொடங்குவோம்

பென்டன்வில் கொட்டடி 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். அந்தக் காலத்து லண்டன் ஏழைக் குடும்பங்கள் பல இருந்த அறைகளைவிட இது மோசம் என்று சொல்லிவிட முடியாது. சூடான காற்று வரக் குழாய், எரிவாயு விளக்கு, தொடக்க காலத்தில் தனிக் கழிப்பறையும் கைகழுவ நீரும்கூட உள்ளேயே இருந்தன. ஏன் இவ்வளவு வசதி? கைதியை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே விட வேண்டிய தேவை வரக் கூடாது என்பதற்காகத்தான். தூங்குவது, தின்பது, நெய்வது, தைப்பது, படிப்பது எல்லாம் அந்த நான்கு சுவருக்குள்ளேயே. கழிப்பறைகளைப் பிறகு எடுத்துவிட்டார்கள். குழாய்கள் அடைத்துக்கொண்டது ஒரு காரணம், அந்தக் குழாய் வழியாகவே கைதிகள் பக்கத்து அறைக்குத் தகவல் அனுப்பியது இன்னொரு காரணம்.

சுவரில் ஒரு சிறிய கைப்பிடி இருக்கும். கைதிக்கு வார்டரைக் கூப்பிட வேண்டுமென்றால் அதைத் திருக வேண்டும். வெளியே தாழ்வாரத்தில் மணி அடிக்கும். அதே நேரம் கதவுக்குப் பக்கத்தில் அந்தக் கொட்டடியின் எண் எழுதிய ஒரு தகடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வார்டர் தூரத்தில் இருந்தே எந்த அறை என்று பார்த்துக்கொள்வார். கைதி வாய் திறந்து கூப்பிட வேண்டியதே இல்லை. எனக்கு இந்த முறையின் மொத்தச் சாரமும் அந்தத் தகட்டிலேயே இருப்பதாகத் தோன்றும். மனிதக் குரலுக்கு வேலை இல்லாமல் போகும்படி ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், நன்றாகவும் செய்திருக்கிறார். இப்படிப்பட்ட எந்தச் சிறைக்குள் போனாலும் கதவுக்குப் பக்கத்தில் அந்தத் தகடோ அது இருந்த தடமோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கதவிலும் கவனிக்க நிறைய இருக்கிறது. சாப்பாடு தள்ளச் சின்னத் திறப்பு. உள்ளே பார்க்க வெளிப்புறம் மூடியுள்ள ஒரு துளை. துளை வழியாக யாராவது பார்க்கிறார்களா என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, பென்டன்வில்லில் இரவுக் காவலில் இருந்த வார்டர்கள் செருப்புக்கு மேல் மெத்தென்ற உறை போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தார்கள்.

கொட்டடியை விட்டு வெளியே வரவே வேண்டிய நேரங்கள் இரண்டு: உடற்பயிற்சி, ஜெபம். வெளியே வரும்போது முகத்தை மறைக்கும் தொப்பி போட வேண்டும். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. பெயர் கிடையாது, எண்தான். முற்றத்தில் நடக்கும்போது நீளமான கயிற்றில் இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டு, ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்தார்கள். கயிறு தொய்யக் கூடாது. தொய்ந்தால் யாரோ யாரையோ நெருங்கிவிட்டார் என்று அர்த்தம். சில சிறைகளில் அதுகூட வேண்டாமென்று, முற்றத்தையே சுவர் வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள்.

இப்போது ஜெபக்கூடத்துக்குத் திரும்பிப் போனால் அந்த மரத்தடுப்புகள் ஏன் என்று விளக்கவே வேண்டாம். கொட்டடியைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, அதனால் ஜெபத்துக்கு என்று ஒரு சின்னக் கொட்டடி. ஒவ்வொருவராக வரிசைக்குள் நுழைந்து, தன் இடம் வந்ததும் நிற்பார்கள். இடையில் இருக்கும் தடுப்பு கீல் வைத்த கதவு. ஒருவருக்குப் பின்னால் அது மூடிக்கொண்டால்தான் அடுத்தவருக்கு இடம் உண்டாகும். லிங்கனில் இந்த வரிசைகள் செங்குத்தாக ஏறுகின்றன. கீழே மேடையில் நின்று பார்த்தால் மரப்பலகைகளுக்கு மேலே தலைகள் மட்டும் தெரியும். பார்வையாளர்கள் ஒரு தடுப்புக்குள் தாங்களே போய் நின்று பார்ப்பது நல்லது. தோள் இரண்டும் கிட்டத்தட்டப் பலகையைத் தொடும். திரும்பிப் பார்க்க இடம் இருக்காது.

ஆனால் ஒன்று. கைதிகள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து உரக்கப் பாடும் நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. பாட்டின் ராகத்திலேயே, வார்த்தையை மட்டும் மாற்றி, பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு பேசிக்கொண்டார்கள். சுவரைத் தட்டி எழுத்து எழுத்தாகப் பேசினார்கள். இத்தனை செலவில் கட்டிய பெட்டிகள் பயனில்லை என்று தெரிந்ததும், சில பத்தாண்டுகளுக்குள் மற்ற சிறைகளில் அவற்றைக் கழற்றிவிட்டு சாதாரண பெஞ்சு போட்டார்கள். லிங்கன் அதற்குள் மூடிவிட்டதால் அங்கே தப்பித்தது.

வேலையும் தண்டனையும்

கொட்டடிக்குள் நெசவு, தையல், செருப்புத் தைத்தல் போன்ற தொழில் கற்றுக்கொடுத்தார்கள் என்பது பென்டன்வில்லின் பெருமை. எல்லாச் சிறையிலும் அப்படி இல்லை. பல மாவட்டச் சிறைகளில் கிடைத்தது பழைய கப்பல் கயிற்றைப் பிரிக்கும் வேலை. தார் ஏறி இறுகிப்போன கயிற்றை விரலாலேயே பிரித்து நாராக்க வேண்டும். அந்த நாரை மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் அடைத்துத் தண்ணீர் புகாமல் செய்வார்கள். விரல் நுனிகள் வெடித்துப் போகும்.

இதைவிட மோசமானவை இரண்டு. ஒன்று மிதிசக்கரம். வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818 வாக்கில் கொண்டுவந்தது. பெரிய உருளையில் படிகள் இருக்கும், கைதிகள் வரிசையாக நின்று ஏறிக்கொண்டே இருப்பார்கள், உருளை கீழே சுழன்றுகொண்டே இருக்கும். வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் பியூமாரிஸ் ஊர்ச் சிறையில் அது இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. அந்தச் சக்கரமாவது சிறைக்குத் தண்ணீர் ஏற்றியது. எதுவும் அரைக்காத, எதையும் இறைக்காத, காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்த சக்கரங்களும் உண்டு.

இன்னொன்று கொட்டடிக்குள்ளேயே வைக்கும் சுழற்றுபொறி. ஒரு பெட்டி, அதில் ஒரு கைப்பிடி, எத்தனை சுற்று என்று காட்டும் எண் முகப்பு. கைதி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பர்மிங்காம் சிறையில் ஒரு நாளைக்கு 10,000 சுற்று: காலைச் சாப்பாட்டுக்கு முன் 2,000, மதியத்துக்குள் 4,000, இரவுக்குள் 4,000. முடிக்காவிட்டால் ரொட்டியும் தண்ணீரும்தான். எட்வர்டு ஆண்ட்ரூஸ் என்ற 15 வயதுப் பையன் நான்கு பவுண்டு மாட்டிறைச்சி திருடியதற்காக அங்கே வந்தான். சுற்று முடிக்க முடியாததால் பட்டினி போட்டார்கள், கையைக் கட்டும் சட்டை மாட்டிச் சுவரோடு நிற்க வைத்தார்கள், தண்ணீரை ஊற்றினார்கள். 1853 ஏப்ரலில் அவன் கொட்டடியிலேயே தூக்குப் போட்டுக்கொண்டான். அரசு விசாரணை ஆணையம் போட்டது, அங்கே நடந்தது சட்டத்துக்கே புறம்பானது என்று அந்த ஆணையம் சொன்னது. சிறை அருங்காட்சியகங்களில் சுழற்றுபொறி ஒன்றை வைத்து, வந்தவர்கள் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். குழந்தைகள் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். அதில் தப்பில்லை. கூட வரும் பெரியவர்கள் அந்தப் பையனின் கதையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் வயதுக்குத் தக்கபடி சொல்ல வேண்டும் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன். லிங்கன் சிறையிலும் சின்னப் பிள்ளைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள், எட்டு வயதுப் பிள்ளைகள் வரை.

யோசனை எங்கே உடைந்தது?

தனிமை மனிதனைத் திருத்தவில்லை, சிதைத்தது. அதைச் சீக்கிரமே கண்டவர்கள் இருந்தார்கள். 1842இல், பென்டன்வில் திறந்த அதே ஆண்டில், ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கின்ஸ் ஃபிலடெல்ஃபியா சிறைக்குப் போய்க் கைதிகளோடு பேசிவிட்டு வந்து எழுதினார். இதைக் கொண்டுவந்தவர்களின் நோக்கம் நல்லது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் மனித மூளையை நாள்தோறும் மெல்ல மெல்லக் குலைக்கும் இந்தக் காரியம் உடம்பைச் சித்திரவதை செய்வதைவிட மோசம் என்றார். உடம்பில் விழுந்த காயம் கண்ணுக்குத் தெரியும், இந்தக் காயம் தெரியாது என்பது அவருடைய வாதம்.

பென்டன்வில்லில் கைதிகளை 18 மாதம் இப்படித் தனியாக வைத்து, திருந்தியவர்களாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றுவது திட்டம். வந்தவர்கள் நோய் இல்லாத, வயதில் இளைய, முதல் தடவை மாட்டிய ஆட்கள். பொறுக்கி எடுத்து அனுப்பியவர்கள். அப்படியும் அவர்களில் சிலருக்குப் புத்தி பேதலித்தது, மாயக் குரல்கள் கேட்டன. 18 மாதம் படிப்படியாகக் குறைந்து 1850களில் 9 மாதம் ஆனது. முறை தோற்றது என்று சொல்லாமல், அளவைக் குறைத்துக்கொண்டே போனார்கள்.

அதற்கு அடுத்து நடந்தது இன்னும் வருத்தமானது. திருத்தலாம் என்ற நம்பிக்கை போனபோது தனிமையும் கூடவே போயிருக்க வேண்டும். போகவில்லை. 1865 சிறைச் சட்டம் கடின உழைப்பு, மட்டமான சாப்பாடு, மெத்தையில்லாப் பலகை என்ற பாதையில் போனது. கொட்டடி இருந்தது, பூட்டு இருந்தது, உள்ளே இருப்பவன் நல்லவனாக வெளியே வருவான் என்ற எதிர்பார்ப்பு மட்டும் காணாமல் போனது. 1877 சட்டத்தால் அடுத்த ஆண்டு ஏப்ரலில் உள்ளூர்ச் சிறைகள் எல்லாம் மத்திய அரசின் கைக்கு வந்தன. சின்னச் சிறைகள் பலவற்றை மூடினார்கள். லிங்கனும் பியூமாரிஸும் அப்படி மூடியவைதான். மிதிசக்கரத்துக்கும் சுழற்றுபொறிக்கும் முடிவு கட்டியது 1898 சட்டம்.

இது முடிந்துபோன கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகள், ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்து வைப்பதைத் தனிமைச் சிறை என்று வரையறுத்து, தொடர்ந்து 15 நாளுக்கு மேல் அப்படி வைக்கக் கூடாது என்கின்றன. பென்டன்வில்லின் 18 மாதத்தை இந்த 15 நாளோடு வைத்துப் பாருங்கள். நம் நாட்டில் 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 73, 74ஆம் பிரிவுகள் தனிமைச் சிறையை ஒரு தண்டனையாகவே வைத்திருந்தன: மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் போகக் கூடாது. 1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்குத் தண்டனை பெற்றவர் என்பதற்காகவே ஒருவரைத் தனிமைச் சிறையில் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது பழைய இரண்டு பிரிவுகளும் 11, 12 என்று எண் மாறி அதிலும் இடம்பெற்றன. விக்டோரியா காலத்து யோசனை ஒன்று நம் சட்டப் புத்தகத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

போய்ப் பார்க்கிறவர்களுக்கு

லண்டனில் இருந்து லிங்கனுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். நிலையத்தில் இருந்து கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு செங்குத்தான தெரு இருக்கிறது. முட்டி வலி உள்ளவர்கள் பஸ்ஸோ டாக்சியோ பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் சிறையின் முன்பக்கக் கட்டடம் 1788இல் முடிந்தது. கடனாளிகளை வைத்திருந்த பகுதி அது. பின்பக்கம் இருப்பது 1848 கட்டடம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிவது லிங்கனின் பெரிய வசதி, ஏனென்றால் அறுபது ஆண்டில் சிறை பற்றிய எண்ணம் எப்படி மாறியது என்பது சுவரிலேயே தெரியும். மூடிய பிறகு நீண்ட காலம் இந்தக் கட்டடத்தில் ஆவணக் காப்பகம் இருந்தது. பெரிய புதுப்பிப்பு வேலைக்குப் பிறகு 2015இல் கோட்டையைத் திரும்பத் திறந்தார்கள். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா பிரதிகளில் மிஞ்சிய நான்கில் ஒன்றும் இங்கே இருப்பதால் கூட்டம் அந்தப் பக்கம் போகும். விசாரணையில்லாமல் யாரையும் சிறையில் போடாதே என்று சொன்ன ஆவணமும் இந்தச் சிறையும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

லூசி கோபுரத்துக்கு ஏறிப் போக மறக்காதீர்கள். தூக்கிலிட்டவர்களைப் புதைத்த இடம். சின்னக் கற்களில் பெயரின் முதல் எழுத்துகளும் தேதியும் மட்டும் இருக்கும். 1872 ஏப்ரல் 1 என்று ஒரு கல்லில் பார்ப்பீர்கள். மனைவியைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற வில்லியம் ஃபிரெடரிக் ஹாரியின் கல் அது. பக்கத்து ஊரான ஹார்ன்காசிலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த வில்லியம் மார்வுட் முதன்முதலாகத் தூக்கிலிட்டது இவரைத்தான். ஆள் நீண்ட தூரம் விழுந்து கழுத்து ஒரே நொடியில் முறிய வேண்டும், நெரிபட்டுத் துடிக்கக் கூடாது என்று மார்வுட் ஒரு கணக்கு வைத்திருந்தார். இதுவும் கருணை என்று நினைத்துச் செய்த ஏற்பாடுதான்.

இந்த வகைச் சிறைகள் பலவற்றில் பேய் உலா, கைதி உடை போட்டுப் படம் எடுப்பது எல்லாம் நடத்துகிறார்கள். பராமரிப்புக்குப் பணம் வேண்டும், புரிகிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. அந்த நேரத்தில் ஒரு காலியான கொட்டடிக்குள் போய், கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லி, கதவைச் சாத்தாமலேயே ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து பார்க்கலாம். ஜன்னல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதில் என்ன தெரிகிறது, என்ன சத்தம் கேட்கிறது என்று கவனியுங்கள்.

லிங்கன் தூரம் என்றால் வேறு இடங்களும் உண்டு. வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்டின் கிரம்லின் ரோடு ஜெயில் பென்டன்வில் மாதிரியை வைத்துச் சார்லஸ் லான்யன் கட்டியது. 1996 வரை ஓடி, 2012இல் பார்வையாளர்களுக்குத் திறந்தது. விரிந்து பிரியும் தாழ்வாரங்களை நடுவில் நின்று பார்க்க வேண்டும் என்றால் அங்கே போங்கள். மெல்போர்னில் இருப்பவர்களுக்கு ஊருக்கு நடுவிலேயே பழைய மெல்போர்ன் ஜெயில் இருக்கிறது, 1880இல் நெட் கெல்லி என்ற பேர்போன கொள்ளைக்காரரைத் தூக்கிலிட்ட இடம்.

நமக்குப் பக்கத்தில் அந்தமானின் போர்ட் பிளேர், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய ஊர். 1890இல் லயல், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் அந்தமானைப் பார்த்துவிட்டு, நாடு கடத்தலுக்கு இப்போது யாரும் பயப்படுவதில்லை, ஆகவே வந்து இறங்கும் கைதிகளை முதலில் கடுமையான தனி அடைப்பில் வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 1896இல் வேலை தொடங்கி 1906இல் முடிந்தது செல்லுலார் ஜெயில். நடுவில் கோபுரம், அதில் இருந்து பிரியும் ஏழு கிளைகள், மூன்று மாடி, 690க்கு மேற்பட்ட கொட்டடிகள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதால் எதிர் வரிசையில் இருப்பவரைக்கூடப் பார்க்க முடியாது. பூட்டைக் கதவில் வைக்கவில்லை. தாழ்ப்பாளின் நீண்ட கம்பி சுவருக்குள் ஒரு குழிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், கம்பிக்கு வெளியே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. கொட்டடியின் அளவு ஏறக்குறைய பென்டன்வில் அளவுதான். ஆனால் அங்கே தைக்கவோ நெய்யவோ கற்றுக்கொடுத்துத் திருத்த வேண்டும் என்ற பேச்சு இல்லை. விடுதலைப் போராட்டக்காரர்களைச் செக்கில் மாடு மாதிரிப் பூட்டி எண்ணெய் ஆட்டச் சொன்னார்கள். ஏழு கிளைகளில் இப்போது இருப்பவை மூன்று. 1979இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. அதற்கு மட்டும் போகாமல் பகலிலேயே போய், ஏதாவது ஒரு கொட்டடிக்குள் நின்று, வலது கையைக் கம்பி வழியாக வெளியே விட்டு அந்தத் தாழ்ப்பாள் எட்டுகிறதா என்று பாருங்கள்.